வாய் திறக்காத வகுப்பறையில் ஆங்கிலம் வளருமா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் ஊர்க் கடைவீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஆங்கிலத்தில் எண்பது, தொண்ணூறு என்று மதிப்பெண் வாங்கிய மகனை அழைத்துக்கொண்டு அத்தா கடைக்கு வருவார். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் இனிப்பு கொடுப்பார். மகிழ்ச்சிதான். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டவர் ஒருவர் படியேறி வந்து ஒரு பொருளைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்பார். தொண்ணூறு வாங்கிய பிள்ளை கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்குவான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கடைப் பையன் முன்னால் வந்து, நான்கு ஆங்கிலச் சொல், இரண்டு இந்திச் சொல், கொஞ்சம் கைஜாடை என்று கலந்து பேசி, விலையும் படியவைத்து, சரக்கையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவான்.

நாமும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். சிரிக்க வேண்டிய செய்தியா இது?

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பத்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவனுக்கு நாக்கு எழவில்லை. பள்ளியை விட்டு ஓடி வந்தவனுக்கு எழுகிறது. வளைகுடாவுக்குப் போன நம் இளைஞர்களைப் பாருங்கள். எந்த வகுப்பிலும் உட்காராமல், எந்த இலக்கண நூலையும் புரட்டாமல், இரண்டு ஆண்டுகளில் அரபியும் இந்தியும் மலையாளமும் பேசிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பள்ளியில் "இவனுக்கு இங்கிலீஷ் ஏறவே ஏறாது" என்று கைகழுவப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? பிள்ளையின் மூளையில் இல்லை. அவன் உட்கார்ந்திருந்த அறையில் இருக்கிறது. கசப்பாக இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த அறைகளில் பலவற்றைக் கட்டியதும் நாம்தான், நிர்வகிப்பதும் நாம்தான்.

கடையில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். காலை முதல் இரவு வரை பிற மொழிகள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. பேசியாக வேண்டிய தேவை இருந்தது. தப்பாகப் பேசினால் வாடிக்கையாளர் சிவப்பு மையால் அடிக்கவில்லை. புரியவில்லை என்றால் மறுபடி கேட்டார், புரிந்தால் காசைக் கொடுத்தார். முதலாளி திட்டினாலும் அது சரக்கைத் தவறவிட்டதற்காக இருக்கும், இறந்தகாலத்தை நிகழ்காலமாகச் சொன்னதற்காக இருக்காது.

இப்போது நம் ஊர்ப் பள்ளி ஒன்றுக்குள் போய்வருவோம். வாசலில் அழகான வளைவு இருக்கும். நன்கொடை கொடுத்த பெருமக்களின் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கடந்து உள்ளே வாருங்கள். ஒரே நீளமான கூடம். நடுவில் தட்டி வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் திருக்குறள், நடுவில் ஆங்கிலம். மேலே தகரக் கூரை. மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன், லாரி, ஒலிபெருக்கி. இந்த இரைச்சலில் ஆசிரியை "ஷிப்" என்கிறாரா, "ஷீப்" என்கிறாரா? மூன்றாவது பெஞ்சுக்கே கேட்காது. கடைசி பெஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழென்றால் பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியைப் பிள்ளை ஊகித்துக்கொள்வான், அது அவன் வீட்டு மொழி. தெரியாத மொழியை எதைக் கொண்டு ஊகிப்பான்?

அமெரிக்காவில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி. பள்ளியை ஒட்டியே மேட்டுப் பாதையில் ரயில் ஓடியது. ஒரு பக்கத்து வகுப்பறைகள் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தன, மறுபக்கத்து அறைகள் அமைதியாக இருந்தன. பிரான்ஸாஃப்ட், மெக்கார்த்தி என்ற இரு ஆய்வாளர்கள் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு 1975இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஓர் ஆண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைகளின் மேற்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் போடப்பட்டன. 1981இல் வெளியான அடுத்த ஆய்வில் இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேறுபாடே இல்லை! கொஞ்சம் ரப்பரும் சில பலகைகளும் செய்த வேலை இது. வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. நம் கூடங்களில் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

அடுத்து ஒரு கணக்கு. வியாபாரிகளான உங்களுக்குக் கணக்கு புதிதல்ல.

ஒரு வகுப்பில் 60 பிள்ளைகள். ஆங்கிலப் பாடவேளை 40 நிமிடம். பாடம் நடத்த, எழுதிப் போட, அதட்ட என்று ஆசிரியருக்கு 30 நிமிடம் போய்விடும். மீதி 10 நிமிடத்தை 60 பிள்ளைகளுக்குச் சரிசமமாகப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து வினாடி. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் வாய்திறந்து ஆங்கிலம் பேசக் கிடைக்கும் நேரம் அரைமணிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடைப் பையன் அதை ஒரு மாலைப் பொழுதில் பேசித் தீர்த்துவிடுகிறான்.

அந்தப் பத்து வினாடியாவது எல்லாருக்கும் கிடைக்கிறதா? அதுவும் இல்லை. ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் எழுதினார்கள். ஆசிரியரின் பேச்சும் கேள்வியும் பெரும்பாலும் முன்வரிசைக்கும் நடுவரிசைக்குமே போகின்றன என்று கண்டார்கள். ஓரத்திலும் பின்னாலும் இருப்பவர்கள் அந்த உரையாடலுக்கு வெளியே நிற்கிறார்கள். மேரி பட் ரோ என்ற அம்மையார் இன்னொன்றைக் கவனித்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரே ஒரு வினாடி! அதை மூன்று வினாடியாக நீட்டச் சொன்னபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். தமிழில் நினைத்து, ஆங்கிலச் சொல்லைத் தேடி, அதைக் கோர்த்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்து நிற்க நம் பிள்ளைக்கு ஒரு வினாடி போதுமா? அதற்குள் "உட்கார், அடுத்தவன்!" என்ற குரல் வந்துவிடுகிறதே.

இதைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. அது கேலி.

ஒரு பிள்ளை எழுந்து ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறான். வகுப்பே சிரிக்கிறது. சில இடங்களில் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். அதோடு அவன் கதை முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் அவன் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்க மாட்டான். நோட்ஸை மனப்பாடம் செய்வான், எழுதுவான், தேறுவான். பேச மட்டும் மாட்டான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹார்விட்ஸும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இந்த அச்சத்தை அளப்பதற்கென்றே 33 வாசகங்கள் கொண்ட ஓர் அளவுகோலை 1986இல் வெளியிட்டார்கள். அந்நிய மொழி வகுப்பில் வரும் பயம் தனி வகையானது என்பது அவர்கள் கருத்து. கணக்கில் தப்புச் செய்தவனுக்குக் கணக்கு மட்டும்தான் தப்பு. மொழியில் தப்புச் செய்தவன் தானே முட்டாளாகிவிட்டதாக உணர்கிறான்.

சில தனியார் பள்ளிகள் இந்தப் பயத்துக்கு விலையும் வைத்திருக்கின்றன. தமிழில் பேசினால் அபராதமாம்! ஆங்கிலம் வளரட்டும் என்று செய்கிறார்களாம். நடப்பது என்ன? ஆங்கிலமும் வராத, தமிழும் பேசக் கூடாத பிள்ளை ஊமையாகிறான். விளையாட்டு நேரத்தில்கூடப் பேசப் பயப்படுகிறான். காசு வாங்கிக்கொண்டு மௌனத்தைக் கற்பிப்பதற்கு டை எதற்கு, ஷூ எதற்கு? பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு தடை செய்திருக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவையும் அதே சட்டம்தான் வகுத்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் பிரமாதி வழக்கில் தீர்ப்பளித்தது. அது சரிதானா என்று 2025இல் மற்றோர் அமர்வு ஐயம் எழுப்பியது. நம் நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமைக்காக நாம் குரல் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பெஞ்சில் ஆறு பேரை நெருக்கி உட்கார வைப்பதற்காகவா அந்த உரிமையைக் கேட்டோம்? சட்டம் கேட்காவிட்டாலும் பிள்ளையின் அத்தா கேட்கலாமே.

இன்னொரு வேதனை. "இந்தப் பையன்கள் எப்படியும் கடைக்கும் சபுருக்கும்தானே போகப் போகிறார்கள், இவர்களுக்கு எதற்கு இவ்வளவு ஆங்கிலம்?" என்ற பேச்சை ஆசிரியர் ஓய்வறைகளில் கேட்கலாம். நம் பள்ளிகளிலேயே, நம் ஆசிரியர்கள் வாயிலிருந்தே கேட்கலாம். இது வெறும் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. ரோசந்தால், ஜேக்கப்சன் இருவரும் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை செய்து 1968இல் நூலாக வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் சில பிள்ளைகளின் பெயர்களை எடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மலர்வார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாகச் சின்ன வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் அறிஞர்களிடையே பிற்பாடு சர்ச்சை எழுந்தது. ஆனால் ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் மீது படிகிறது என்பதை நம் வீட்டிலேயே பார்க்கிறோமே! "மூத்தவன் கெட்டிக்காரன்" என்று சொல்லிச் சொல்லியே இளையவனை மந்தமாக்கிய வீடுகள் எத்தனை?

பெண் பிள்ளைகள் நிலை தனிக் கதை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மதிப்பெண்ணை அள்ளுபவர்கள் அவர்கள்தான். ஆனால் வகுப்பில் குரல் எழும்பினால் "பொம்பளப் பிள்ளைக்கு என்ன இவ்வளவு சத்தம்?" என்ற அதட்டல். சத்தமில்லாமல் ஒரு மொழியை எப்படிக் கற்பது? கல்லூரிக்குப் போய் முதல் நாள் தன் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் அழுதுகொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம், "உனக்கு ஒத்துவராது, படித்தது போதும்" என்று சொல்லிவிடுகிறோம். அவளுடைய குரலை ஒடுக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

வழி நமக்குத் தெரியாததும் அல்ல. நம் மக்தபுகளில் இருக்கிறது. ஓதப் போகும் பிள்ளை ஒவ்வொருவனும் ஹஜ்ரத் முன்னால் தனியாக உட்காருகிறான். அன்றைய பாடத்தை வாய்விட்டு ஓதிக் காட்டுகிறான். ஓர் எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டியது நாக்கிலிருந்து வந்துவிட்டால் ஹஜ்ரத் நிறுத்தித் தாமே ஓதிக் காட்டுகிறார். பிள்ளை திருப்பி ஓதுகிறான். நாள்தோறும், ஒவ்வொருவனும்! வீட்டில் யாரும் அரபி பேசுவதில்லை. ஆனாலும் ஏழு வயதில் அந்த ஒலிகள் அவன் நாவில் அமர்ந்துவிடுகின்றன. பொருள் தெரிந்து பேசுவது வேறு, ஓதுவது வேறு என்பது உண்மைதான். ஆனால் வேற்றுமொழியின் ஒலியைப் பிள்ளையின் நாக்குக்குக் கொண்டுபோக ஒவ்வொரு பிள்ளையின் குரலும் ஒருவர் காதில் விழ வேண்டும் என்ற பாடம் அங்கே இருக்கிறது. அந்தப் பிள்ளையே ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போய் அறுபதில் ஒருவனாகிறான். அவன் குரலை யாரும் கேட்பதில்லை. (மக்தபில் இன்னும் எங்கேனும் பிரம்பு இருந்தால் அதையும் தூக்கி எறியுங்கள். பிரம்பினால் ஓதல் வரவில்லை, கேட்கும் காது இருந்ததால் வந்தது.)

சர் சையத் அஹமது கான் 1869இல் இங்கிலாந்து போய் அங்குள்ள கல்விக்கூடங்களைப் பார்த்துவிட்டு வந்தார். 1875இல் அலிகரில் பள்ளியைத் தொடங்கினார், 1877இல் அது கல்லூரியாக வளர்ந்தது. அவர் வெறும் பாடநூல்களை இறக்குமதி செய்யவில்லை. விடுதி கட்டினார், மாணவர்களை ஒன்றாகத் தங்க வைத்தார். 1884இல் அங்கே சிடன்ஸ் யூனியன் கிளப் என்ற விவாத மன்றம் தோன்றியது. மாணவர்கள் எழுந்து நின்று வாதாடினார்கள், எதிர்வாதம் கேட்டார்கள். ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும் இருந்தால் அது புத்தகத்திலேயே தங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அலிகர் பெயரை மேடைதோறும் முழங்கும் நாம், அந்த விவாத மன்றத்தை நம் ஊர்ப் பள்ளி எதிலாவது வைத்திருக்கிறோமா?

"அலிகருக்கு நவாபுகள் கொடுத்தார்கள், நம்மிடம் பணம் எங்கே?" என்று கேட்கலாம். பணமில்லாத பள்ளியிலும் நடந்திருக்கிறது, நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற இடங்களில் சாதாரணப் பள்ளிகளின் நெரிசலான வகுப்புகளில் என்.எஸ். பிரபு ஒரு முயற்சியை நடத்தினார். இலக்கணப் பாடத்தைத் தள்ளி வைத்தார். ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் இவற்றைக் கொடுத்து, "இந்த வண்டி எப்போது புறப்படும்? அந்த ஊருக்குப் போக எத்தனை மணி நேரம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் தேட வைத்தார். பிள்ளையின் கவனம் விடையில் இருந்தது. விடை சரியென்றால் பாராட்டு, வாக்கியம் கோணலாக இருந்தால் ஆசிரியர் அதைத் திருத்தமாகச் சொல்லிவிட்டு மேலே போனார். பிற்பாடு அந்த வகுப்புகளை மற்ற வகுப்புகளோடு ஒப்பிட்டு மதிப்பிட்டவர்கள், முறைக்கு ஆதரவான சான்று இருக்கிறது என்றே எழுதினார்கள். முழு வெற்றி என்று அவர்கள் கூறவில்லை, நாமும் கூற வேண்டாம். ஒரு ரயில் அட்டவணைக்கு என்ன செலவாகும்? உங்கள் கடையின் விலைப்பட்டியலும் பில் புத்தகமும் போதுமே, ஒரு மாத ஆங்கிலப் பாடம் அதில் இருக்கிறது.

அரசின் பக்கமும் குறை உண்டு. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பலகை மாறியது, வகுப்பறை மாறவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல் பிள்ளைகளையும் ஆசிரியரையும் ஒரே பாயில் உட்கார வைத்தது, பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையை இறக்கியது. அட்டைகள் மலிந்து ஆசிரியர்களுக்குச் சுமையானது என்ற குறை சொல்லப்பட்டாலும், பயத்தைக் குறைத்த முயற்சி அது. ஆனால் அது சின்ன வகுப்புகளோடு நின்றது. மேலே பத்தாம் வகுப்பில் ஆங்கிலத் தேர்வு என்பது முழுக்க எழுத்துத் தேர்வு. பேசினால் மதிப்பெண் இல்லை என்னும்போது எந்த ஆசிரியர் பேச வைப்பார்? பேச்சுக்கும் கேட்டலுக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்று அரசைக் கேட்பது நம் கடமை. அந்த மாற்றம் வரும்வரை நம் பள்ளிகள் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

தாளாளர்களாகவும் நிர்வாகக் குழு உறுப்பினர்களாகவும் இருக்கும் வணிகப் பெருமக்களே! அடுத்த கட்டடத்துக்கு வசூல் செய்வதற்கு முன் இருக்கிற கூடத்தின் தட்டிகளை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்புங்கள். தகரத்துக்குக் கீழே ஓசை அடங்கும் பலகை போடுங்கள். சத்தமிடும் விசிறிகளை மாற்றுங்கள். வளைவுக்கு ஆகும் செலவில் ஆங்கிலத்துக்கு இன்னோர் ஆசிரியரை அமர்த்தி அறுபதை முப்பதாக்கலாம். அவருக்கு உங்கள் கடைக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்காதீர்கள். பளிங்கில் பெயர் வராது, பரவாயில்லை. அபராதப் பெட்டி இருந்தால் அன்றே அகற்றுங்கள். வாரம் ஒருமுறை பெஞ்சுகளை இடம் மாற்றச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவன் முன்னால் வரட்டும்.

இளைஞர்களே! கல்லூரியில் ஆங்கிலத்தோடு போராடி மீண்டவர்கள் நீங்கள். அந்த வலி உங்களுக்குத் தெரியும். வாரத்தில் ஒரு மாலை உங்கள் சங்கக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் போதும். இன்னொரு டியூஷனாக அதை ஆக்கிவிடாதீர்கள். நோட்டு வேண்டாம், தேர்வு வேண்டாம். நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றி, கடைத்தெருவைப் பற்றி, போக விரும்பும் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேச விடுங்கள். தப்புக்கு யாரும் சிரிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனையாக இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி மாலை ஒதுக்குங்கள், படித்த சகோதரிகள் பொறுப்பேற்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை மைக் முன்னால் நின்று ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் பேசுவான். கைதட்டுங்கள். அவன் மேடையிலிருந்து இறங்கி வந்ததும், பேசியதில் ஒரு வரியை எடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில், தப்பாக இருந்தாலும் சரி, அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை மூன்று வினாடி காத்திருங்கள். வராவிட்டால் மறுநாள் காலையில் கடையைப் பத்து மணிக்குத் திறந்துகொள்ளலாம், பள்ளிக்குப் போய் அவன் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்து, அங்கே என்ன கேட்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.